வயிறு நிறைகிறது, எடை குறைகிறது

கேள்வி: எனக்கு 29 வயது. சேலத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற ஆண்டு அப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதன் பிறகு சில வீடியோக்களைப் பார்த்து, வீட்டில் எல்லோருமே முழுத் தாவர உணவுக்கு மாறினோம். பால், தயிர், முட்டை, மைதா, சர்க்கரை, எண்ணெய் எதுவும் கிடையாது. தேங்காய், வேர்க்கடலையையும் நிறுத்திவிட்டோம். உப்புகூட இந்துப்புதான். அப்பா 84 கிலோவிலிருந்து 76க்கு வந்துவிட்டார், மாடி ஏறினால் முன்புபோல மூச்சு வாங்குவதில்லை. ஆனால் நான் ஐந்து மாதத்தில் 53லிருந்து 46 கிலோவாகிவிட்டேன். உயரம் 158 செ.மீ. மதியத்துக்கு மேல் வகுப்பில் நிற்க முடியவில்லை. முடி கொட்டுகிறது. ஃபேன் காற்றே குளிர்கிறது. மாதவிடாய் 50 நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. இத்தனைக்கும் வயிறு முட்டத்தான் சாப்பிடுகிறேன். வேர்க்கடலை சாப்பிடலாமா என்று கேட்டால், அது பித்தம் என்கிறார் அம்மா. தேங்காய் சேர்க்கலாம் என்றால், அப்பா எதிரில் சாப்பிட மனசு வரவில்லை. இந்த உணவுமுறையே எனக்கு ஒத்துவரவில்லையா? பழையபடி மாறிவிடுவதா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

உணவுமுறையை விட வேண்டாம். ஆனால் இப்போது சாப்பிடும் விதத்தில் இன்னும் ஒரு மாதம்கூட ஓட்டக் கூடாது. 53 கிலோவில் 7 கிலோ என்பது உங்கள் எடையில் 13 சதவீதம். உயரத்துக்கு எடை போதுமா என்று காட்டும் பி.எம்.ஐ அளவு உங்களுக்கு இப்போது 18.4. ஆரோக்கியமான எடை என்று சொல்வதற்கான கீழ் எல்லை 18.5, அதற்குக் கீழே இறங்கிவிட்டீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் குளிர், முடி உதிர்வு, தள்ளிப்போகும் மாதவிடாய் மூன்றும் தனித்தனிக் கோளாறுகளாக இருப்பதைவிட, உடலுக்கு எரிபொருள் போதவில்லை என்பதன் அறிகுறிகளாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

கடிதத்தோடு ஒரு நாள் சாப்பாட்டையும் விவரமாக எழுதி அனுப்பியிருந்தீர்கள். அது ரொம்ப உதவியாக இருந்தது. காலையில் ஒரு பெரிய கிண்ணம் பப்பாளியும் தர்பூசணியும், பிறகு சாமை இட்லி மூன்று, தேங்காய் இல்லாத தக்காளிச் சட்னி. பதினொரு மணிக்கு ஒரு கொய்யா, பசியை அடக்க கிரீன் டீ. மதியம் ஒரு கப் குதிரைவாலிச் சாதம், கொஞ்சம் சாம்பார், கீரை, எண்ணெய் இல்லாத சுரைக்காய்க் கூட்டோ பீன்ஸ் பொரியலோ இரண்டு மடங்கு, வெள்ளரி கேரட் சாலட். மாலையில் அரைக் கப் சுண்டல். இரவு பெரிய கிண்ணத்தில் காய்கறி சூப், எண்ணெய் விடாத கேழ்வரகு தோசை இரண்டு.

இதை எடைபோட்டுப் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு கிலோ உணவு. வயிறு முட்டுகிறது என்று நீங்கள் சொல்வது முழு உண்மை. ஆனால் அந்த இரண்டு கிலோவில் என் கணக்குப்படி இருப்பது 1,250 முதல் 1,300 கலோரிதான். 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்) வெளியிட்ட பரிந்துரைப்படி, 55 கிலோ எடையுள்ள, அதிக உடலுழைப்பு இல்லாத பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,660 கலோரி தேவை. ஓரளவு உழைப்பு இருந்தால் 2,130. நாள் முழுக்க நின்று பாடம் நடத்துகிற உங்களுக்கு 1,700க்குக் குறையாது. ஆக, தினமும் குறைந்தது 400 கலோரி துண்டு விழுகிறது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் இருப்பது சுமார் 7,700 கலோரி. ஐந்து மாதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், நீங்கள் இழந்த ஏழு கிலோ அதிலேயே வந்துவிடும்.

வயிறு நிறைந்ததா என்பதை நம் உடல் பெரும்பாலும் உணவின் அளவையும் எடையையும் வைத்துத்தான் உணர்கிறது. காய்கறியிலும் பழத்திலும் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். மிச்சத்தில் நிறைய நார்ச்சத்து. அவை இரைப்பையை நிரப்பிவிடும், ஆனால் ஆற்றலைக் கொஞ்சமாகத்தான் தரும். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில், அதாவது 30 கிராமில், சுமார் 160 கலோரி இருக்கிறது. அதே அளவு ஆற்றலுக்குச் சுரைக்காய் சாப்பிட வேண்டுமென்றால் ஒரு கிலோ சாப்பிட வேண்டும். உங்கள் தட்டில் சுரைக்காய் பக்கமெல்லாம் இருக்கிறது, வேர்க்கடலைப் பக்கம் மொத்தமாகக் காலி.

அப்பாவுக்கு நல்லது செய்த அதே சாப்பாடு உங்களை ஏன் இப்படி உருக்குகிறது என்ற கேள்விக்கும் இதில்தான் பதில். எண்ணெயே கூடாது, கொட்டைகளும் வேண்டாம் என்ற கண்டிப்பான விதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் டாக்டர் டீன் ஆர்னிஷ், இதயக் குழாய் அடைப்புள்ள நோயாளிகளுக்குக் கொழுப்பிலிருந்து வரும் கலோரியைப் பத்து சதவீதம் அளவுக்குக் குறைத்த சைவ உணவு, நடைப்பயிற்சி, மன அழுத்தம் குறைக்கும் பயிற்சி எல்லாம் சேர்த்துக் கொடுத்து, அதன் முடிவை 1990இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார். கிளீவ்லாண்ட் கிளினிக்கைச் சேர்ந்த டாக்டர் கால்ட்வெல் எஸ்ஸல்ஸ்டின் இன்னும் கடுமையாக, இதய நோயாளிகள் எண்ணெயைத் தொடவே கூடாது, கொட்டைகளையும் தவிர்க்க வேண்டும் என்றார். இரண்டுமே இதயக் குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்காக வகுத்த முறைகள். வீடியோக்களில் விதி மட்டும் வருகிறது, அது யாருக்காகச் சொல்லப்பட்டது என்பது வருவதில்லை.

84 கிலோ இருந்த உங்கள் அப்பாவுக்குக் குறைவாகக் கிடைத்த கலோரியே சிகிச்சையின் ஒரு பகுதி. அவர் உடலில் சேமிப்பு இருந்தது, அதை எடுத்துச் செலவழித்தார். 53 கிலோ இருந்த உங்களிடம் எடுக்க அப்படி ஒன்றும் இல்லை. அதனால் உடல் தசையையும் கரைக்கிறது, செலவையும் சுருக்குகிறது. கை கால் சில்லிட்டுப் போவது அதனால்தான். மாதவிடாயை இயக்கும் ஹார்மோன்களுக்கு உத்தரவு மூளையிலிருந்து போகிறது. ஆற்றல் போதவில்லை என்று தெரிந்ததும் மூளை முதலில் ஒத்திப்போடும் வேலைகளில் அதுவும் ஒன்று. இது நீடித்தால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து எலும்பு அடர்த்தி பாதிக்கப்படும். 29 வயதில் இழக்கும் எலும்பைப் பிறகு முழுதாகத் திரும்பப் பெறுவது கடினம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது எடையைவிட இந்த 50 நாள் கணக்குதான்.

எனவே சாப்பாட்டைப் பேசும் முன் ஒன்று. இந்த வாரமே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். கலோரிக் கணக்கு ஒத்துப்போகிறது என்பதற்காக வேறு காரணமே இருக்காது என்று நான் முடிவுகட்ட மாட்டேன். முயற்சி செய்யாமலே ஆறு மாதத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தாலே காரணம் தேட வேண்டும். தைராய்டு, சர்க்கரை, ரத்த அணுக்கள், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), வைட்டமின் பி12, வைட்டமின் டி பரிசோதனைகள் அவசியம். மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, விடாத இருமல் இதில் ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நம் ஊரில் காரணம் தெரியாமல் உடம்பு இளைத்தால் காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்வது முக்கியம். மாதவிடாய் மூன்று மாதம் வராமல் போகும்வரை காத்திருக்காமல் மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள்.

இனி தட்டுக்கு வருவோம். உங்களுக்கு இப்போது இலக்கு 1,900 கலோரிக்குப் பக்கத்தில். கூடுதலாக 600 கலோரி என்றதும் மலைக்காதீர்கள். ஏற்கெனவே முட்டுகிற வயிற்றில் இன்னும் திணிக்கச் சொல்லவில்லை. ஒரு நாளில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை (160 கலோரி), நாற்பது கிராம் தேங்காய்த் துருவல் (சுமார் 150), ஒன்றரை மேசைக்கரண்டி எள் (சுமார் 80), வேகவைத்த ஒரு பெரிய நேந்திரம்பழம் (150 முதல் 180). இவை நான்கும் சேர்ந்து உள்ளங்கையில் அடங்காவிட்டாலும் ஒரு சின்னக் கிண்ணத்தில் அடங்கிவிடும். 550 கலோரி வந்துவிட்டது. நான்குமே எண்ணெய்போலப் பிழிந்தெடுக்காத முழு உணவுகள், நீங்கள் எடுத்துக்கொண்ட நெறியில் எதையும் மீறவில்லை.

எள்ளைப் பொடியாகத்தான் சாப்பிட வேண்டும். முழு எள் மெல்லப்படாமல் அப்படியே வெளியே போய்விடும், அதிலுள்ள சத்து நமக்குச் சேராது. கறுப்பு எள்ளை வெறும் வாணலியில் படபடவென்று பொரியும்வரை வறுத்து ஆறவிடுங்கள். தனியாக ஒரு பிடி உளுத்தம்பருப்பு, நாலு வரமிளகாய், பெருங்காயம் வறுத்து, முதலில் இவற்றைக் கொரகொரப்பாகப் பொடித்து, கடைசியில் எள்ளைப் போட்டு இரண்டே சுற்று. அதிகம் அரைத்தால் எண்ணெய் விட்டுக் கட்டியாகிவிடும். சூடான சாதத்தில் இந்தப் பொடியைப் போட்டு, நல்லெண்ணெய்க்குப் பதிலாக அரைத்த தேங்காய் விழுதோ கெட்டித் தேங்காய்ப்பாலோ ஒரு குழிக்கரண்டி விட்டுப் பிசையுங்கள். காரம் அடங்கும், சாதமும் தொண்டையில் அடைக்காது. வேர்க்கடலையையும் அப்படியே கொறிக்க வேண்டியதில்லை. வறுத்துத் தோல் நீக்கி, புளி, மிளகாய், பூண்டு வைத்துத் துவையலாக அரைத்தால் மூன்று இட்லிக்குத் தொட்டுக்கொள்வதிலேயே ஒரு கைப்பிடி கடலை உள்ளே போய்விடும். உங்கள் தக்காளிச் சட்னியில் அதே அளவுக்கு முப்பது கலோரிதான் இருந்தது.

அம்மா சொல்லும் பித்தத்தைப் பற்றி. வெறும் வயிற்றில் நிறைய பச்சைக் கடலை தின்றால் சிலருக்கு நெஞ்செரிச்சலும் குமட்டலும் வருவது உண்மைதான். அவர் பார்த்த அனுபவத்தில்தான் சொல்கிறார். அதற்கு வழி, கடலையை ஊறவைத்து அவித்தோ வறுத்தோ, உணவோடு சேர்த்துச் சாப்பிடுவது. ஒவ்வாமை இருப்பவர்கள் மட்டும் தொடவே கூடாது. வாங்கும்போது சுருங்கியதையும் கறுத்ததையும் பொறுக்கி எறியுங்கள். வாயில் கசந்தால் துப்பிவிடுங்கள். பூஞ்சை பிடித்த கடலையில் வரும் அஃப்ளடாக்சின் கல்லீரலுக்கு நஞ்சு, வறுத்தாலும் முழுதாகப் போகாது.

சாப்பிடும் வரிசையும் முக்கியம். சாப்பாட்டுக்கு முன் சூப் குடித்தால் அந்த வேளையில் சாப்பிடும் அளவு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எடை குறைக்க வருபவர்களுக்கு நானே அதைத்தான் சொல்லி அனுப்புகிறேன். நீங்கள் தெரியாமலேயே தினமும் இரவில் அதைச் செய்துகொண்டிருக்கிறீர்கள். இரவு சூப்பை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் கொண்டைக்கடலையோ மொச்சையோ போட்டுத் தேங்காய் அரைத்துவிட்ட கெட்டிக் குழம்பு, அதோடு தோசை. மதியம் சாதம், பருப்பு, துவையல் முதலில், காய் பிறகு, சாலட் கடைசியில், இடமிருந்தால் மட்டும். காலையில் தர்பூசணிக் கிண்ணத்தில் தொடங்காதீர்கள். இட்லியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு நேந்திரம்பழமோ இரண்டு வாழைப்பழமோ சாப்பிடுங்கள். பதினொரு மணி கிரீன் டீ வேண்டவே வேண்டாம். பசி உடல் உங்களிடம் கேட்கும் கேள்வி, அதற்குச் சாப்பாட்டால் பதில் சொல்லுங்கள். ஸ்டாஃப் ரூமில் ஒரு சின்ன டப்பாவில் பேரீச்சையும் எள்ளும் சேர்த்து இடித்த உருண்டை இரண்டு வைத்திருந்தால் போதும்.

குதிரைவாலியும் சாமையும் நல்லவைதான். ஆனால் அரிசியை எதிரியாக்க வேண்டாம். கைக்குத்தல் அரிசியும் முழு உணவே. சேலத்தில் இருக்கிறீர்கள், உங்களைச் சுற்றியே மரவள்ளி விளைகிறது. வேகவைத்த மரவள்ளி 150 கிராமில் சுமார் 240 கலோரி இருக்கிறது. தோல் நீக்கி, நறுக்கி, நிறைய தண்ணீரில் நன்றாக வேகவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், கசக்கும் கிழங்கைச் சாப்பிடக் கூடாது. வாரம் இரண்டு மாலை சுண்டலுக்குப் பதில் மரவள்ளியும் தேங்காய்ச் சட்னியும் இருக்கட்டும். மரவள்ளியில் புரதம் மிகக் குறைவு, அதனால் மற்ற நாட்களில் சுண்டலை விடாதீர்கள். அரைக் கப்பை முக்கால் கப்பாக்குங்கள். கொண்டைக்கடலையை எட்டு மணிநேரமாவது ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, நசுக்கினால் மசியும்வரை வேகவிட்டால் வாயுத் தொல்லை வெகுவாகக் குறையும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள், வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள்.

எண்ணெய் ஒரு சொட்டுகூட கூடாதா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தத் தயக்கம் தெரிகிறது. உங்கள் உடல்நிலையில் தாளிக்க ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டால் கெடுதல் ஒன்றும் இல்லை. அதில் 40 முதல் 45 கலோரி கிடைக்கும். கீரையிலும் கேரட்டிலும் உள்ள, வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டீனை உடல் உறிஞ்சுவதற்கும் கொஞ்சம் கொழுப்பு தேவைப்படுகிறது. ஆனால் எண்ணெய் வேண்டாம் என்பது உங்கள் தீர்மானமென்றால் நான் வற்புறுத்த மாட்டேன். எள்ளும் தேங்காயும் கடலையும் அந்த வேலையைச் செய்துவிடும். அவற்றையும் விலக்கிவிட்டு எண்ணெயையும் விலக்கினால்தான் சிக்கல்.

கடிதத்தில் வைட்டமின் பி12 பற்றி ஒரு வரிகூட இல்லை. முழுத் தாவர உணவில் இது நம்பும்படியாக எங்கும் கிடைக்காது. இட்லி மாவு புளிப்பதில் கிடைக்கிறது, ஸ்பைருலினா என்ற பாசியில் இருக்கிறது என்பதையெல்லாம் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். குறைபாடு வந்தால் ரத்தசோகை மட்டுமல்ல, நரம்புகளே பாதிக்கப்படும். கை கால் மரத்துப்போவதில் தொடங்கும். வீட்டில் நீங்கள் அனைவரும், அப்பா உட்பட, பரிசோதனை செய்து மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை எடுக்க வேண்டும். அயோடின் சேர்த்த உப்புக்கு இன்றே திரும்புங்கள். இந்துப்பில் போதிய அயோடின் கிடையாது. பாலும் முட்டையும் மீனும் இல்லாத வீட்டில் அயோடினுக்கு அந்த உப்புதான் முக்கிய வழி, அது இல்லாவிட்டால் தைராய்டு பாதிக்கப்படும். கால்சியத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் துணை நிற்கும். காபி, டீ எதுவானாலும் சாப்பாட்டோடு வேண்டாம், ஒரு மணிநேரம் தள்ளிக் குடித்தால் இரும்புச்சத்து வீணாகாது.

அப்பா எதிரில் தேங்காய் சாப்பிட மனசு வரவில்லை என்று எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் படுக்கையில் கிடந்ததைப் பார்த்த பயம் இன்னும் உங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. அந்தப் பயத்தில்தான் எல்லோரும் ஒரே தட்டில் உட்கார்ந்தீர்கள், அது அன்பு. ஆனால் மகள் இளைத்துப்போய் மயங்கி நிற்பதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். அவரிடம் நேராகச் சொல்லுங்கள்: "அப்பா, உங்களுக்கு எடை குறைய வேண்டும், எனக்கு ஏற வேண்டும், டாக்டர் சொல்லிவிட்டார்." சமையல் ஒன்றே இருக்கட்டும். குழம்பு, காய், சாதம் பொதுவாகச் செய்து அவருக்கு எடுத்து வைத்துவிட்டு, பிறகு உங்கள் பங்கில் தேங்காயும் பொடியும் சேருங்கள். தேங்காயில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் என்பதால் அப்பாவுக்கு அது வேண்டாம் என்று முடிவெடுத்தது சரிதான், அதில் மாற்றம் செய்ய நான் சொல்லவில்லை. அவர் கொஞ்சம் கடலையோ பாதாமோ சாப்பிடலாமா என்பதை இதயநோய் மருத்துவரிடம் கேளுங்கள். பல மருத்துவர்கள் அளவோடு அனுமதிக்கிறார்கள்.

இன்னொன்று, அவர் நன்றாக இருக்கிறார் என்பதற்காக ஸ்டென்ட்டுக்குப் பின் கொடுத்த மாத்திரைகளையும் கொழுப்பு மாத்திரையையும் யார் பேச்சைக் கேட்டும் நிறுத்தக் கூடாது. அவர் ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுப்பவர் என்றால், எட்டு கிலோ குறைந்த பிறகு பழைய அளவே தொடர்வதும் ஆபத்து. தலைசுற்றல் வருகிறதா என்று கேளுங்கள். அளவை மாற்றுவது மருத்துவர் வேலை, அதற்கு ஒரு முறை அழைத்துப் போய்விடுங்கள்.

உங்கள் எடையை வாரம் ஒரு நாள், காலையில், அதே தராசில் பாருங்கள். தினமும் பார்க்க வேண்டாம், மனம் நோகும். மாதம் ஒன்று முதல் ஒன்றரை கிலோ ஏறினால் சரியான வேகம். நான்கு வாரத்தில் ஒரு கிலோகூட ஏறவில்லை என்றாலோ, மேலும் இறங்கினாலோ, பரிசோதனை முடிவுகளோடு உங்கள் ஊரிலேயே ஒரு உணவியல் நிபுணரை நேரில் பாருங்கள். அந்த நிலையில் சில மாதங்களுக்காவது தயிரோ முட்டையோ சேர்க்கலாமா என்று அவர் கேட்டால், மறுக்காமல் யோசியுங்கள். மாதவிடாய் சீராவதற்கு எடை ஏறிய பிறகும் சில மாதங்கள் பிடிக்கலாம். அதுவரை ஓட்டம், கடினமான உடற்பயிற்சி எதையும் புதிதாகத் தொடங்க வேண்டாம்.